நெய் செய்த துரோகம்

"ஈரல்ல இருந்த கொழுப்பு கரைஞ்சிடுச்சு, இனி தாராளமா தானம் பண்ணலாம்" என்று டாக்டர் சொன்னதும் ஜெயகிருஷ்ணனுக்குத் தலை சுற்றியது.

இரண்டு மாதம் முன்பு இதே ஜிஎஸ்டி ரோட்டு ஆஸ்பத்திரியில்தான், கொழுப்பு அதிகம், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

அக்கா ஜோதிலட்சுமிக்கு ஈரல் கெட்டுவிட்டது. உடன்பிறந்தவன் இவன் ஒருவன்தான். ரத்த வகையும் பொருந்தித் தொலைத்தது. சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்த வேகத்தில், நான் தருகிறேன் என்று மார்தட்டிவிட்டான். அன்றோடு தூக்கம் போயிற்று. ஊசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன்.

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி, ஈரலே சொல்லட்டும் என்று முடிவு செய்தான்.

நெய்யில் மிதக்கும் முட்டை, கொழுப்பு பார்த்து வாங்கிய ஆட்டுக்கறி, அதன் மேல் வெண்ணெய். மனைவி மிருதுளா சொட்டுக்கணக்கில் நெய் விடுகிறவள். இந்த இரண்டு மாதமும் ஒரு கேள்வி கேட்காமல் ஊற்றினாள். தன் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டான்.

திகட்டிய திகட்டலில் சோற்றுக்கு வயிற்றில் இடமில்லை. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் தினமும் குடிக்கும் கரும்பு ஜூஸ்கூட உள்ளே இறங்கவில்லை.

கடைசி நம்பிக்கையாக, தின்றது அத்தனையையும் டாக்டரிடம் ஒப்பித்தான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "நெய்யை நான் சிபாரிசு பண்ணமாட்டேன் சார். ஆனா சோறு, சர்க்கரையை விட்டீங்க பாருங்க, அதுல இன்சுலின் இறங்கிடுச்சு. கொழுப்பு செய்னு ஈரலுக்கு உத்தரவு போடுறதே அந்த ஹார்மோன்தான். உத்தரவு நின்னுச்சு, எடையும் குறைஞ்சுது, ஈரல் தேறிடுச்சு."

சொந்த ஈரலே காலை வாரிவிட்டது.

வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

தகுதியில்லையாம் என்று ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் தொண்டைக்குள் போய்விட்டது. பயம் அப்படியேதான் இருந்தது, ஆனாலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

அக்கா சந்தோஷப்படவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"தம்பி உடம்புல கத்தி படக்கூடாது, அவன் தட்டுல நெய்யைக் கொட்டுடின்னு மிருதுளாகிட்ட தினமும் போன்ல சொன்னேனே. அவ ஊத்தலையாடா?"