கத்தானியாத் தொப்பி

"மனுசனே அந்தாள்? துரோகி! பச்சைத் துரோகி!"

போனைத் தூக்கிப் பிடித்தபடி செல்வராசாவின் கடைக்குள் பாய்ந்தான் செபமாலை.

வியாழக்கிழமை பின்னேரம். வீட்டுவேலை செய்கிற சனத்துக்கு அரைநாள் லீவு. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் கடையில் தேத்தண்ணியோடு ஞாயிற்றுக்கிழமை மட்சைப் பற்றித்தான் கதை. கதைத்துக் கதைத்துத் தேய்ந்துபோன கதை. ஆனாலும் அலுக்கவில்லை.

இந்தப் பலெர்மோ நகரத்தில் பேஸ்போல் பார்க்க அவ்வளவு ஆள் இல்லை. மகேந்திரராசாவின் மகன் மிதுசன் ஊர் அணியில் சேர்ந்ததுதான் தாமதம், எங்கடை சனம் முழுக்க அதிலே பைத்தியம். யாராவது ஹோம் ரன் அடித்தால் "சிக்ஸ்!" என்றுதான் கத்தும். இதுகளைத் திருத்த யாரால் முடியும்?

இந்த முறை சீசனின் மூன்றாவது மட்சே கத்தானியாவோடு. ஒரே தீவின் ரெண்டு நகரங்கள், ஒரே பிரிவு, பிறவிப் பகை. கடைசிக் கட்டத்தில் மிதுசன் அடித்த அடியில் பந்து வேலிக்கு அங்காலே போனது. பலெர்மோ வென்றது.

"வெண்ட மட்சுக்கு ஏன் காணும் இப்பிடிக் கத்துறீர்?" என்றார் செல்வராசா.

"இதைப் பாருங்கோ. என்னோடை ஹோட்டலிலை வேலை செய்யிற கத்தானியாக்காரன் எடுத்த வீடியோ."

எதிரணி ரசிகர் கூட்டம். நடுவில், கத்தானியாத் தொப்பியோடு, மகேந்திரராசா!

அம்பிகை போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "ஐயோ, எங்கடை மகேந்திரமண்ணையே இது?"

"பின்னை? மிச்சத்தையும் பாருங்கோ அக்கா."

மிதுசன் அடிக்கிறான். பந்து பறக்கிறது. கத்தானியாக் கூட்டம் தலையில் கை வைக்கிறது. மகேந்திரராசாவும் ரெண்டு கையையும் தூக்கித் தலையில் வைக்கிறார்.

"பெத்த பிள்ளை சிக்ஸ் அடிக்கத் தலையிலை கை வைக்கிற தேப்பனை எங்கையாவது கண்டியளே?"

"வேலை செய்யிற வீட்டுச் சினோராவுக்குச் சுகமில்லை, மட்சுக்கு வரேலாது எண்டெல்லோ மிதுசனுக்குச் சொன்னவர்?" என்றாள் அம்பிகை.

செல்வராசா தாடையைச் சொறிந்தார். "நாங்களும்தானே அவரை வரவேண்டாம் எண்டனாங்கள்."

அதுவும் உண்மைதான். சீசனின் முதல் மட்சுக்கு மகேந்திரராசா வந்தார், தோல்வி. அடுத்ததற்கும் வந்தார், அதுவும் தோல்வி. செபமாலைதான் காரணத்தைக் கண்டுபிடித்தான். "அண்ணை, குறை நினையாதைங்கோ. நீங்கள் வந்து குந்தினால் அந்தப் பக்கம் விளங்காது. உங்கடை ராசி அப்பிடி. கத்தானியா மட்சுக்கு மட்டும் வராதைங்கோ." கடையிலிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மகேந்திரராசா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

"வரவேண்டாமெண்டால் வீட்டிலை கிடக்கிறது! கோவத்திலை எதிரியின்ரை மடியிலை போய் இருக்கிறதே?" செபமாலைக்கு மூச்சு வாங்கியது. "நான் மலையேறி, இந்த ஊரைக் காக்கிற சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி வெண்ட மட்ச் இது! இப்பவே இதை மிதுசனுக்கு அனுப்பிறன். தேப்பனின்ரை வண்டவாளம் தெரியட்டும்."

"விசரே உமக்கு?" அம்பிகை அவன் கையை எட்டிப் பிடித்தாள். "தாயுமில்லாத பிள்ளை. இதைப் பாத்தால் அவன் அந்த மனுசனோடை பிறகு முகம் குடுத்துக் கதைப்பானே?"

"கதைக்காட்டிப் போகட்டும்!"

அந்த நேரம் பார்த்து மகேந்திரராசா உள்ளே வந்தார். "செல்வராசா, ஒரு பிளேன்ரீ."

செபமாலை போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். பார்த்த மனுசனின் முகம் சுண்டிப்போனது.

"மிதுசன் பாத்திட்டானே?"

"இன்னும் இல்லை. இந்தா அனுப்பப்போறன். இந்தத் தொப்பியோடை அங்கை என்ன செய்தனீங்கள்?"

"தொப்பி கொஞ்சம் பெரிசுதான். வேறை அளவு கிடைக்கேல்லை."

"பகிடி விடாதைங்கோ அண்ணை!"

"ஆர் பகிடி விட்டது? நான் குந்தினால் அந்தப் பக்கம் விளங்காது எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம், சொன்னனான். அதுக்கு?"

"அதுதான் போய் அவங்கடை பக்கம் குந்தினனான்."

செல்வராசாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அப்ப செபமாலை, உம்மடை மெழுகுதிரி சும்மா எரிஞ்சிருக்கு!"

செபமாலை போனைச் சத்தமில்லாமல் பொக்கற்றுக்குள் வைத்தான். "இதை எங்களுக்கு முன்னமே சொல்லியிருக்கலாமே அண்ணை..."

"சொன்னால் பலிக்காமல் போடுமோ எண்டு பயம். பெடியனுக்கும் அதுதான் சொல்லேல்லை."

செல்வராசா பிளேன்ரீயோடு கேட்காமலே ஒரு வடையையும் வைத்தார். அம்பிகைக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை.

"எல்லாம் சரி அண்ணை. மிதுசன் அடிச்சவுடனை அவங்களோடை சேந்து தலையிலை கை வைச்சியளே, அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு. அதுவும் நடிப்போ?"

"நடிப்பில்லை பிள்ளை," என்றார் மகேந்திரராசா. "தலையிலை வைச்சு அமத்திப் பிடிக்காட்டி, ரெண்டு கையும் தன்ரை பாட்டிலை தட்டிப்போடுமே!"