அசல் வீடு

அரசும் தோல் கம்பெனியும் சேர்ந்து ஆம்பூரில் தொழிலாளர் பாரம்பரிய மையம் அமைக்கின்றன. அது பற்றிய கூட்டத்துக்குப் போன தேவநேசன் மழையில் நனைந்து வீடு திரும்பினான். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டி கம்பெனி கொடுத்த லைன் வீடு. கூரை ஒழுகிய இடத்தில் மனைவி கிறிஸ்டினா வாளி வைத்திருந்தாள்.

"கூரை விஷயம் பேசுனீங்களா?"

"எங்க பேசுறது? நம்ம வீட்டு போட்டோவத்தான் திரையில பெருசா காட்டிக்கினு இருந்தாங்க."

போன மாதம் படமெடுக்க வந்தவர்களை, ரிப்பேருக்கு வந்தவர்கள் என்று நம்பி, ஓட்டை, விரிசல் ஒன்று விடாமல் அவள்தான் சுற்றிக் காட்டியிருந்தாள்.

"பாத்தீங்களா, நான் காட்டுனது வீண் போகல. எப்ப வேலை ஆரம்பிக்கிறாங்க?"

"லைன்ல மத்த வீட்டுக்கெல்லாம் அடுத்த வாரமே புதுக் கூரை."

"நமக்கு?"

"மாத்தக் கூடாதாம். தொழிலாளி வீடு எப்படி இருக்கும்னு ஜனங்க வந்து பாக்கணுமாம். நம்மளுதுதான் அசலா இருக்குதாம்."

"அப்ப நாம எங்க போறது?"

"எங்கயும் போக வேணாம். நாமளும் இருக்கணுமாம்."

வாளி நிரம்பி வழிந்தது. கிறிஸ்டினா அதைத் தூக்கினாள்.

"கொட்டிட்டு அங்கயே வெச்சிடு" என்றான் தேவநேசன். "போட்டோல அது அந்த இடத்துலதான் இருக்குது."