புது ஆளுக்கு முதல் நாற்காலி

"என்னய்யா கடை நடத்தறே நீ? நாங்க எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கோம். இப்பதான் உள்ளே நுழைஞ்ச ஆளுக்கு நாற்காலியா?"

சலூனே அதிரும்படி கத்தினார் கிடங்கு மேனேஜர்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க சார். தம்பி கடைக்குப் புதுசு" என்றார் சலூன்காரர், துணியை உதறிக்கொண்டே.

"புதுசுன்னா கொம்பு முளைச்சிருக்கா? அப்ப வருஷக்கணக்கா வர்ற நாங்கெல்லாம் இளிச்சவாயங்களா?"

காத்திருந்த மற்ற இரண்டு பேரும், "அதானே!" என்றார்கள்.

துண்டு மடித்துக்கொண்டிருந்த சலூன்காரரின் மகனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடையில் இருப்பதே ஒரு நாற்காலிதான். அப்பாவும் அவனும் மாற்றி மாற்றி நின்று வெட்டுகிறார்கள். மேனேஜர் தலையில் இருப்பதோ நாலு முடி. அந்த நாலு முடிக்கு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை டாணென்று வந்து உட்கார்ந்துவிடுவார். வந்தால் சண்டை. பாதி நாள் வெட்டிக்கொள்ளாமலே போய்விடுவார். மகன் அவருக்கு 'சிடுமூஞ்சி' என்று பட்டப்பெயரே வைத்திருந்தான்.

சலூன்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புது ஆளின் முடியைச் சீப்பால் ஒதுக்கினார். இடது காதை மெதுவாக மடித்து, பின்னால் குனிந்து பார்த்தார்.

அப்பா எதைத் தேடுகிறார் என்று மகனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

இவன் பிறப்பதற்கு முன்னால், ரயிலடிக் கூட்டத்தில் தொலைந்துபோன அண்ணன். அப்போது நாலு வயசு. போலீஸ், பேப்பர் விளம்பரம், ஜோசியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கேயாவது இருந்தால் இப்போது முப்பதைத் தொட்டிருப்பான். இடது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருக்கும். முடி வெட்டும்போது குழந்தை துள்ள, அப்பாவின் கத்தியே கிழித்துவிட்டது.

"பெத்த பிள்ளைக்கு ஒழுங்கா வெட்டத் தெரியல, நீங்கெல்லாம் ஒரு தொழில்காரர்!" என்று அம்மா அன்றைக்குப் பிடிபிடியென்று பிடித்தாளாம். இன்றைக்கு அவர்களுக்கு மிச்சம் இருக்கிற ஒரே அடையாளம் அந்தத் தழும்புதான்.

முன்பின் தெரியாதவன் காதை மடித்துப் பார்க்க யாருக்கு உரிமை இருக்கிறது, சொல்லுங்கள்? முடி வெட்டுகிறவருக்குத்தான் இருக்கிறது. அந்த வயசில் புதுமுகம் யார் வந்தாலும் அவருக்குத்தான் முதல் நாற்காலி. காத்திருக்கப் பொறுக்காமல் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்பதும் அதைத்தான்.

"இன்னைக்குப் புதுசா யாராவது வந்தாங்களா?"

சாப்பாடெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சலூன்காரர் காதை விட்டார். தழும்பு இல்லை. தனக்குள் லேசாகத் தலையாட்டிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"ச்சே!" மேனேஜர் கையிலிருந்த பேப்பரை வீசி எறிந்தார். "மனுஷன் வருவானா இந்தக் கடைக்கு? இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டேன்!"

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். மற்ற இரண்டு பேரும் அவர் பின்னாலேயே கிளம்பினார்கள். நாற்காலியில் இருந்த புது ஆளைத் தவிர கடை காலி.

மகனுக்குப் பொறுக்கவில்லை.

"போதும்ப்பா! எத்தனை காதைப் பார்த்தாச்சு? இருக்கிற வாடிக்கையும் போச்சு. எனக்கும் அவன் அண்ணன்தான். முகம்கூடப் பார்த்ததில்ல, ஆனா ஆசை இல்லாமலா இருக்கேன்? அதுக்காக தினம் இப்படித் திட்டு வாங்கணுமா?"



அப்பா கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னார்.

"நீ சொல்றதும் நியாயம்தான்ப்பா. வர்றவங்களையும் கோவப்படுத்தறேன், உன்னையும் கஷ்டப்படுத்தறேன். இனிமே வரிசைப்படியே வெட்டறேன். அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

"ஐயா, அப்படி மட்டும் செஞ்சிடாதீங்க."

சொன்னது நாற்காலியில் இருந்த புது ஆள். இருவரும் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்கள்.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். ஆனா மனசு கேக்கலைங்க. என்னை இங்க அனுப்பினதே அந்த மேனேஜர்தான்."

"யாரு, சிடுமூஞ்சியா?" வாய் தவறிக் கேட்டுவிட்டான் மகன்.

"போன வாரம்தான் கிடங்குல வேலைக்குச் சேர்ந்தேன். நான் அநாதை இல்லத்துல வளர்ந்தவன். அப்பா அம்மா யாருன்னு தெரியாது. இந்த வயசுல, என்னை மாதிரி ஆளாப் பார்த்துத்தான் அவர் வேலைக்கே எடுக்கறார். சேர்ந்ததும் இந்தக் கடைக்கு முடி வெட்ட அனுப்பிடுவார். அவரும் முன்னாடியே வந்து உட்கார்ந்துக்குவார்."

"அப்புறம் எதுக்கு அந்தக் கத்து கத்தறார்?"

"நானும் கேட்டேன். 'நான்தான் அனுப்பறேன்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் ஆசையை வளர்த்துக்கிட்டு ஏமாந்து போவார்டா. கத்திட்டா சந்தேகம் வராது'ன்னார். 'காதைத்தானே பார்க்கணும், நீங்களே பார்த்துட வேண்டியதுதானே சார்'னேன். 'பெத்தவன் கண்ணுதான்டா முதல்ல பார்க்கணும், நான் யாரு'ன்னுட்டார்."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. சலூன்காரர் அவன் தலையில் கையை வைத்தார். எடுக்கத் தோன்றவில்லை.

"ஆனா இன்னைக்கு நிஜமாவே கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரே தம்பி…"

"கோவமா? என் காதை விட்டுட்டு நீங்க இல்லைன்னு தலையாட்டினப்போ கண்ணாடியில அவர் முகத்தைப் பார்த்தேங்க. இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தா இங்கேயே அழுதிருப்பார்."