கழுவும் தொட்டி

தோல் பதனிடும் தெருவில் எடுத்த படங்களில் ஒன்றுதான் புகைப்படப் பயிலரங்கின் கண்காட்சிக்குப் போகும். அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று, பயிலரங்கில் சேர்ந்திருந்த வங்கிக்காரர் ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். மதியம், கை கழுவப் போன தொழிலாளிப் பெண்ணைத் தடுத்துவிட்டார்.

“அழுக்கோடயே நில்லுங்கக்கா. அதுதான் படத்துக்கு எடுப்பு.”

“சாப்பிடணும் தம்பி, கை நாறுது. உங்களுக்கென்ன, படம் நாறாதுல்ல.”

ஆனாலும் ஒரு மணி நேரம் கையை நீட்டியபடி நின்றாள்.

இருட்டறையில் படம் துலங்கியதும் அதை ஓடும் நீரில் போட வேண்டும். ஒட்டியிருக்கும் மருந்து பத்து நிமிடத்தில் கரைந்து நீர் தெளிந்துவிடும். இவருடைய தொட்டி தெளியவில்லை. கொழுப்பும் மயிருமாகப் பழுப்பு நீர் பொங்கிக்கொண்டே இருந்தது. கையை முழங்கை வரை விட்டுத் துழாவிப் படத்தை எடுத்தார்.

அதில் அவள் உட்கார்ந்து, சுத்தமான கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.