இரண்டாவது சாவி

“பூட்டை ஏன் மாத்தினீங்க?”

வீட்டுக்காரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டாள். கையில், வீடு கேட்டு வந்தவளின் பழைய வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம். மூன்றே வரி. வாடகை ஒழுங்காகத் தருவார். எதற்கெடுத்தாலும் வாக்குவாதம் செய்வார். என்னைக் கேட்காமல் பூட்டை மாற்றினார். கீழே கையெழுத்தும் தொலைபேசி எண்ணும்.

“சாவி தொலைஞ்சு போச்சும்மா,” என்றாள் அந்தக் கண்ணாடிக்கடைப் பெண். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு, பாதியிலேயே வறண்டது.

உண்மை வேறு. அவளுடைய தாயார் பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறாள். பேச்சும் இல்லை. மின்கட்டணம் வாடகையிலேயே அடக்கம் என்பதால், மகள் கடை வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பழைய வீட்டுக்காரர் தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் கதவைத் திறப்பார். தாயாரின் தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். சாயங்காலம் வந்து பார்த்தால் தாயார் வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடப்பாள். கேட்டதற்கு, “படுத்தே கிடக்கறவங்களுக்கு எதுக்கு ஃபேன்?” என்றார். மறுநாளே அவள் பூட்டை மாற்றினாள். அதற்கு மறுநாள் அவர் காலி செய்யச் சொன்னார்.

இதுவரை வாடகைக்குக் கேட்டுப் போன நான்கு வீடுகளிலும் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டாள். நான்கு பேரும் உச்சுக்கொட்டினார்கள். மறுநாள் நான்கு பேருமே வேறு ஆளுக்குப் பேசிவிட்டதாகச் சொன்னார்கள். குடியிருந்த வீட்டுக்காரரையே குறை சொல்பவள் நாளைக்கு நம்மையும் சொல்லமாட்டாளா? அதனால் இந்த வீட்டில் உண்மைக்கு விடுமுறை கொடுத்திருந்தாள்.

இந்த வீடு கிடைத்தே ஆக வேண்டும். தரைத்தளம். வாசலில் படி இல்லை, சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இன்று வியாழன்.

“அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடலாமே.” வீட்டுக்காரம்மா கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மேசைமேல் இருந்த தொலைபேசியில் எண்களை அழுத்தினாள். ஸ்பீக்கரையும் போட்டாள்.

கண்ணாடிக்கடைப் பெண் கையிலிருந்த கடிதத்தை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், மறுபடியும் பிரித்தாள்.

“உங்க வீட்ல குடியிருக்கற பொண்ணு இங்க வீடு கேட்டு வந்திருக்கு. ஆள் எப்படிங்க?”

“அதான் எழுதியே கொடுத்துட்டேனே,” என்றது பழைய வீட்டுக்காரரின் குரல். “வாடகை தேதிக்கு வந்துடும். வாய்தான் நீளம். ஒண்ணு சொன்னா ஒன்பது சொல்லும்.”

“பூட்டை மாத்திட்டாங்களாமே?”

“அதை ஏன் கேக்கறீங்க. என் வீட்டுக்குள்ள நானே போக முடியல. ஒரு சாவி எப்பவும் நம்ம கையில இருக்கணுங்க. இல்லன்னா தலைமேல ஏறி உட்கார்ந்துடுவாங்க.”

“புரியுதுங்க. நல்லவேளை, கேட்டுக்கிட்டேன்.” வீட்டுக்காரம்மா போனை வைத்தாள்.

போச்சு. கண்ணாடிக்கடைப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசலைத் தாண்டும் வரை அடக்கினால் போதும் என்று நினைத்தாள்.

“எங்க கிளம்பிட்ட? உட்காரு.”

வீட்டுக்காரம்மா இழுப்பறையைத் திறந்து, ஒரே வளையத்தில் கோத்திருந்த இரண்டு சாவிகளை அவள் முன்னால் வைத்தாள்.

நம்ப முடியாமல் பார்த்த அவள், அவசர அவசரமாக வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றப் போனாள். “இது உங்ககிட்ட இருக்கட்டும்மா. சத்தியமா நான் பூட்டை மாத்தமாட்டேன்.”

“ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும். சாவி தொலைஞ்சு போச்சுன்னியே, பொய்தானே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“யாரோட ஃபேனை அணைச்சாரு?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஃபேனைப் பற்றி அவள் இங்கே மூச்சுகூட விடவில்லையே. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்த அம்மா எண்ணை அழுத்தியபோது, எண் எழுதியிருந்த கடிதம் தன் கையில் அல்லவா இருந்தது?

“எங்கம்மாவோட ஃபேனை,” என்றாள்.

“நான் அங்க குடியிருந்தப்போ, என் கைக்குழந்தையோடதை. நானும் பூட்டை மாத்தினேன். இதே மூணு வரிதான் எழுதிக் கொடுத்தாரு. பதினாலு வீடு ஏறி இறங்கினேன், ஒருத்தரும் கொடுக்கல. அந்த வீம்புலதான்மா இந்த வீட்டையே கட்டினேன்.”