கொட்டை எடுத்த பழம்

மாடிப்படியில் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கீழே, அடுக்களைக்குப் பின்னால், தண்ணீர்ப் பானையின் மூடி திறந்திருந்தது. கொழுந்தனின் மகள் ஹஸ்னா பானைக்குள் குவளையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

பிறகு இரண்டு பக்கமும் பார்த்தாள்.

நோன்பை மறந்து குடித்த பிள்ளை இரண்டு பக்கமும் பார்க்காது.

மேலே பார்க்கத்தான் ஹஸ்னாவுக்குத் தோன்றவில்லை.

படியில் நின்றவளுக்கு முதலில் வந்தது கோபமல்ல. இரக்கமும் அல்ல. வெயிலில் நடந்து வந்து நிழலில் உட்கார்ந்தாற்போல ஒரு சுகம்.

அந்த ஆண்டு நோன்பு கோடை விடுமுறையில் வந்திருந்தது. இன்று வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு முதல் நோன்பு. அவள் மகன் தமீமுக்கு ஒன்பது வயது. ஹஸ்னாவுக்கு ஏழு.

பள்ளிக்கூடம் மூடியதிலிருந்தே எல்லாம் ஹஸ்னாதான். சைக்கிள் ஓட்டப் பழகியது ஹஸ்னா. அதற்கு வீட்டில் நெய்ச்சோறு. ஓதல்பள்ளியில் குர்ஆன் ஓதிப் பெரிய பிள்ளைகளை முந்தியது ஹஸ்னா. அதற்குத் தெரு முழுக்க வட்டிலப்பம். வாப்பாவின் கையை விட்டுவிட்டுக் கடலில் நீந்தியதும் ஹஸ்னா. அதற்கு ஆட்டுக்கால் பாயா.

ஒவ்வொரு முறையும் அடுப்படியில் நின்று ஆக்கியது மூத்த மருமகளான இவள்தான். பரிமாறும்போது சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கும்.

தமீம் இன்றைக்கும் சைக்கிளில் ஏறினால் எதிர்வீட்டு வேலியில்தான் போய் இறங்குவான்.

ஆனால் பசி பொறுப்பான். இது ஒன்றிலாவது அவன் முந்துவான் என்று அவள் நம்பியிருந்தாள். அல்லாஹ்வுக்காக வைக்கிற நோன்பில் முந்துவதென்ன, பிந்துவதென்ன? அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் நம்பியிருந்தாள்.

நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஹஸ்னாவின் உம்மா ஜரீனா வழக்கம்போல் ஆரம்பிப்பாள். அப்போது சொல்ல வேண்டும். கோபமில்லாமல். எல்லோருக்கும் முன்னால். நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் சிரிக்க வேண்டும்.

‘பாவம், புள்ளதானே. அடுத்த வருசம் புடிக்கட்டும்.’

இரண்டாம் முறை சொல்லிப் பார்த்தபோது இன்னும் இனிப்பாக வந்தது.

பொழுது சாய்ந்தது. கூடத்தில் விரிப்பைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் மல்லிகை மாலை போட்டார்கள். முதல் நோன்பு பிடித்த பிள்ளைக்கு முதல் பேரீச்சம்பழத்தை உம்மாதான் ஊட்ட வேண்டும். பெட்டியிலேயே பெரிய பழமாகப் பார்த்து அவள் கொட்டையை எடுத்து வைத்திருந்தாள். ஜரீனாவின் கையிலும் ஒரு பழம்.

தமீமின் உதடு வெளுத்து வெடித்துக் கிடந்தது.

“ஏழு வயசு ராத்தா. ஒரு சொட்டுத் தண்ணி தொடலியே எம்புள்ள!” என்றாள் ஜரீனா, மூத்தவளைப் பார்த்து.

ஹஸ்னா விரிப்பின் பூவேலையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

தமீமின் உம்மா தொண்டையைச் செருமினாள். சிரிப்பை எடுத்து முகத்தில் வைத்தாள்.

“உம்மா.”

தமீம்.

“நோன்ப மறந்து தண்ணி குடிச்சிட்டா, நோன்பு முறியாதுதானே உம்மா?”

கூடம் வெடித்துச் சிரித்தது.

“மாட்டிக்கிட்டாருய்யா பெரிய நோன்பாளி!” என்றான் கொழுந்தன், ஹஸ்னாவின் வாப்பா. “டேய் தமீமு, எங்களுக்குப் பானையில மிச்சம் வச்சிருக்கியாடா?”

தமீம் இல்லையென்று சொல்லவில்லை. ஆமென்றும் சொல்லவில்லை. அவன் யாரையும் பார்க்கவில்லை, ஹஸ்னாவைத் தவிர.

ஹஸ்னா குடித்ததை அவனும் பார்த்திருக்கிறான்.

அவள் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. இப்போது அது மகனுக்கான நியாயமும்கூட. ஒரே ஒரு வாக்கியம். சிரிப்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

வெடித்த உதட்டோடு அவள் பிள்ளை காத்திருந்தான். நியாயத்துக்கு அல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டி.

“முறியாது வாப்பா” என்றாள் மகனிடம். “மறந்து குடிச்சா, அது அல்லாஹ் குடுத்த தண்ணி.”

ஜரீனா எட்டித் தமீமின் தலையைத் தடவினாள்.

“பாவம், புள்ளதானே ராத்தா. அடுத்த வருசம் புடிக்கட்டும்.”

அதே சொற்கள். ஆனால் ஜரீனா அதை மெய்யாகவே சொன்னாள். கண்ணில் ஈரம்கூட இருந்தது.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது.

பாங்கு கேட்டதும் ஜரீனா கையிலிருந்த பழத்தை, இரக்கம் தாளாமல், தமீமின் வாயில் வைத்துவிட்டாள்.

எல்லாக் கைகளும் தட்டுக்குப் போயின. ஹஸ்னாவின் கை மடியிலேயே கிடந்தது. மாலையின் மல்லிகை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் நகர்ந்து ஹஸ்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரிய பழத்தை அந்தச் சின்ன உதட்டருகே கொண்டுபோனாள்.

“பிஸ்மி சொல்லும்மா.”

உதடு திறக்கவில்லை. ஹஸ்னா அவள் காதுக்கு எக்கினாள். மூச்சு சுட்டது.

“பெரியும்மா... நான் மறக்கல.”

கூடத்தில் கஞ்சிக் கோப்பைகளின் சத்தம். தமீம் இரண்டாவது பழத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

“நான் மறந்துட்டேன்” என்றாள் அவள். “வாயைத் தொற.”