முத்திரை

டாக்டரம்மா எண்ணி முடிப்பதற்கு முன்பே பெரியவருக்கு எண்ணிக்கை தெரியும்.

ஏழு.

முதுகில் நான்கு. இடுப்பில் இரண்டு. இடது தொடையில் ஒன்று.

பேத்தியின் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி மருமகள் செண்பகம் நின்றாள். டாக்டரம்மா ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிறிய ஸ்கேலை வைத்து அளந்தார். பால் கூடிப்போன காப்பியின் நிறம்.

குழந்தை கூச்சத்தில் நெளிந்தது.

"பிறந்ததுல இருந்தே இருக்கா?"

செண்பகம் மாமனாரைப் பார்த்தாள்.

அவர் சுவரைப் பார்த்தார்.

அவர்கள் வீட்டில் அந்தப் புள்ளிகளுக்கு முத்திரை என்று பெயர். பதினாறாம் நாள், தொட்டிலில் இடுவதற்கு முன், குழந்தையை வீட்டின் மூத்த ஆண் ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து உரக்க எண்ண வேண்டும். அதன் பிறகுதான் பெயர். முத்திரை இல்லாத பிள்ளையையும் வளர்ப்பார்கள். பேச்சில் மட்டும் கொஞ்சம் இளக்காரம் இருக்கும்.

நான்கு வருடங்களுக்கு முன் இவளை எண்ணியவர் அவர்தான். ஏழு என்றதும் பெண்கள் குலவையிட்டார்கள்.

"நம்ம ரத்தம்லா" என்று சொன்னவரும் அவர்தான்.

டாக்டரம்மா மேசைக்குத் திரும்பினார்.

"இந்தப் புள்ளிக்கும், கண் நரம்புல இருக்கிற கட்டிக்கும் ஒரே காரணம்தான். பெத்தவங்க வழியா வரலாம். இல்ல, இவளுக்கே புதுசா ஆரம்பிச்சிருக்கலாம். சிலருக்குப் புள்ளியோட நின்னுடும். சிலருக்கு உள்ளேயும் வளரும். வம்சத்துல இருக்குன்னு தெரிஞ்சா மத்த குழந்தைங்க கண்ணையாவது முன்கூட்டியே பாத்துக்கலாம். அதான் ரெண்டு பக்கத்துப் பெரியவங்களையும் வரச் சொன்னேன்."

வீட்டில் முத்திரையோடு இன்னும் மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள்.

இவளுக்கு வலது கண் போய்விட்டது.

ஸ்கேனில் கட்டி தெரிந்த அன்றே அவர் சம்பந்திக்குக் கடிதம் எழுதினார். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று நினைத்தார். எங்கள் வம்சத்தில் தலையில் வியாதி வந்தவர் எவரும் இல்லை. உங்கள் பக்கத்தில் இருந்ததை மறைத்துவிட்டீர்கள். அவ்வளவுதான் கடிதம். மறுவாரம் செண்பகத்தையும் குழந்தையையும் அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார். மஸ்கட்டிலிருக்கும் மகன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு மாதம்.

சம்பந்தி வேலாண்டி இப்போது பக்கத்து நாற்காலியில் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. நேரில் வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே தன் பக்கத்தில் செத்தவர்களை ஒவ்வொருவராகச் சொன்னார். எதனால் செத்தார்கள் என்றும் சொன்னார். கடைசியில், "எங்கயோ எங்க பக்கம் தப்பு இருக்கும் அண்ணாச்சி, மன்னிக்கணும்" என்றார்.

அவர் மன்னித்தார்.

டாக்டரம்மா ஒரு தாளை விரித்தார். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். கோடுகள் மேலே மேலே போயின.

"உங்க ரெண்டு பேருல யாருக்காவது உடம்புல இப்படி இருக்கா?"

சம்பந்தி உடனே எழுந்து சட்டையைக் கழற்றினார்.

"கண்டக்டர் உடம்பு, டாக்டரம்மா. பை மாட்டுன தழும்பு தவிர ஒண்ணும் தேறாது. ஸ்டேஜ் ஸ்டேஜா நிறுத்திப் பாருங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பார்த்தார். தோளில் குறுக்காக ஒரு தழும்பு. வேறொன்றும் இல்லை. செண்பகத்தை ஏற்கெனவே உள்ளறையில் பார்த்தாயிற்று. அவளுக்கும் இல்லை.

அந்தப் பக்கத்துக் கட்டமும் வட்டமும் வெள்ளையாகவே நின்றன.

"ஐயா, நீங்க?"

கஞ்சி போட்ட சட்டை. கழுத்து வரை பொத்தான்.

கோயிலில் சட்டையைக் கழற்ற அவர் ஒருநாளும் தயங்கியதில்லை. முத்திரையை ஊர் பார்க்கட்டும் என்று துண்டுகூடப் போர்த்தாமல் நிற்பார்.

கை முழங்காலின் மேல் கிடந்தது. எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எடுக்கவில்லை.

இல்லை என்று ஒரு சொல் போதும். இவளுக்கே புதிதாக ஆரம்பித்தது என்று டாக்டரம்மா எழுதிக்கொள்வார். எந்த வீட்டுக்கும் பழி வராது.

செண்பகம் வாய் திறந்தால் போதும். அவளுக்கு எல்லாம் தெரியும். திறக்கவில்லை. காத்திருந்தாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

சம்பந்தி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். தன் சட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்கினார்.

"வா தாயி, நாம வெளிய போயி மீன் தொட்டி பாப்போம். பெரியவங்க பேசட்டும்."

கதவில் கை வைத்துவிட்டார்.

"அப்பா."

எட்டு மாதத்தில் மாமனார் முன்னால் அவள் பேசிய முதல் வார்த்தை.

"நீங்க போவாண்டாம். உக்காருங்க."

குரல் உயரவில்லை.

சம்பந்தி குழந்தையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பெரியவரின் கை முதல் பொத்தானுக்குப் போனது.

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார்.